பிற்பகல் காற்றில் முறுகிய பாலம்

பாலம் ஆடுகிறது என்று சொல்வதற்காக அந்த ஜூனியர் இன்ஜினியர் கட்வால் மலையிலிருந்து பஸ் பிடித்துத் தில்லிக்கே வந்துவிட்டார். எண்பதுகளின் தொடக்கம். லோதி ரோடில் எங்கள் டிசைன் அலுவலகம் இருந்த கட்டடத்தில் அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு எங்கள் மேலதிகாரியின் மேஜை முன் நின்று, சட்டைப் பையிலிருந்து பஸ் பாஸ் அட்டையை எடுத்தார். அதன் இரண்டு முனைகளையும் பிடித்து ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் திருகிக் காட்டினார்.

"ஐஸா ஹோதா ஹை, சார். இப்படித்தான் ஆகிறது."

எங்கள் மேலதிகாரி திருநெல்வேலிக்காரர். தில்லிக்கு வந்து பாதி ஆயுள் ஆகியும் ஊர்ப்பேச்சு மாறாதவர். இந்தியில் அவரிடம் ஏதோ பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தொங்குபாலம்னா ஆடத்தானம்மா செய்யும்? இவர் என்னமோ அட்டைய முறுக்கிக் காட்டுதாரு."

நான் அப்போது அந்த அலுவலகத்தில் அசிஸ்டென்ட் இன்ஜினியராகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அந்தப் பிரிவில் ஒரே பெண். சரோஜினி நகரில் அப்பாவுக்கு ஒதுக்கப்பட்ட அரசாங்கக் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். அப்பா ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. நாங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம்.

அந்தப் பாலத்தை வடிவமைத்தவர் எங்கள் மேலதிகாரியேதான். ஆற்றின் இரு கரையிலும் உயரமான கோபுரம், கோபுரங்களுக்கு இடையே இரும்பு வடம், வடத்திலிருந்து தொங்கும் கம்பிகள், அவற்றில் தாங்கிய மரப்பலகைத் தளம். மனிதர்களும், மலையில் கச்சர் என்று சொல்லும் கோவேறு கழுதைகளும் போவதற்கானது. அந்தப் பக்கத்தில் அவ்வளவு நீளமான பாலம் வேறு கிடையாது. தளத்தின் இரு ஓரமும் இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தகடு அடைத்திருந்தது. காகிதத்தில் பார்க்க மிகச் சுத்தமான வடிவம்.

"காத்து கணக்குல எடுத்தாச்சுல்லா?" என்றார் அவர். "சதுர மீட்டருக்கு இவ்வளவு கிலோன்னு பாலம் கட்டுறதுக்கான கோட் புக்குல போட்டிருக்கு. அதுக்கு மேலயும் கொஞ்சம் சேத்துத்தான் போட்டேன். காத்து தள்ளும், பாலம் தாங்கும். அவ்வளவுதான?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. எங்கள் படிப்பும் அப்படித்தான் இருந்தது. காற்றை ஒரு எடையாக மாற்றிப் பாலத்தின் பக்கவாட்டில் வைத்து விடுவோம். ஆனால் நான் கல்லூரி நூலகத்தில் ஒருமுறை வேறு மாதிரி படித்திருந்தேன். மெலிந்து நீண்ட பாலம் காற்றில் லேசாக அசைந்தால், அந்த அசைவே அதைச் சுற்றி ஓடும் காற்றின் போக்கை மாற்றிவிடும். மாறிய காற்று பாலத்தை இன்னும் கொஞ்சம் அசைக்கும். ஊஞ்சலில் இருக்கிற பிள்ளையைச் சரியான நேரத்தில் தட்டிவிடுவது போலக் காற்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தட்டு கொடுத்துக்கொண்டே போகும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே பாலம் அந்தச் சக்தியைத் தானே தின்று அடங்கிவிடும். அந்த வேகம் தாண்டினால் அடங்காது. வளர்ந்துகொண்டே போகும்.

இதை ஒருவாறு சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஜூனியர் இன்ஜினியரின் பஸ் பாஸைப் பார்த்தார்.

"சரி. போய்ப் பாத்துட்டு வாங்க. எவ்வளவு காத்துக்கு எவ்வளவு ஆடுதுன்னு அளந்துட்டு வாங்க. பெறவு பேசுவோம்."

வீட்டில்தான் பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. அம்மா சப்பாத்திக் கட்டையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"மலைக்காட்டுக்குப் பொட்டப்புள்ளயத் தனியா அனுப்பிப்போட்டு நான் எப்புடி இங்க உக்காந்திருக்கறது? அந்த ஆபீசுல ஆம்பளைகளே இல்லியா?"

"இருக்காங்கம்மா. ஆனா இது என்னோட வேலை."

அப்பா செய்தித்தாளை மடித்தார். "நானும் கூடப் போறேன்" என்றார். "லீவு கிடக்குது. பத்ரிநாத் பக்கம் போனதில்ல. நானும் பாத்தாப்பல ஆச்சு."

அரசாங்கப் பயணத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவது எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வழியும் இல்லை. சரோஜினி நகர் மார்க்கெட்டில் அப்பாவுக்கு ஒரு அரைக்கை ஸ்வெட்டர் வாங்கினோம். கஷ்மீரி கேட்டில் பஸ் ஏறினோம். ரிஷிகேஷில் இறங்கி, மறுநாள் மலைப் பஸ்ஸில் நாள் முழுக்க வளைந்து வளைந்து போய்ச் சேர்ந்தோம். அப்பா வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தார். ஜூனியர் இன்ஜினியர் அவரைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டு அவருக்கு சல்யூட் வைத்தார். தில்லியிலிருந்து வந்த பெரிய அதிகாரி அவர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் பாலம் சாதுவாக இருந்தது. கீழே பச்சை நிறத்தில் ஆறு. நான் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தேன். நடக்கும்போது தளம் மெல்ல ஏறி இறங்கியது. எந்தத் தொங்குபாலத்திலும் அது உண்டு. கோவேறு கழுதைகள் மாவு மூட்டையும் மண்ணெண்ணெய் டின்னும் சுமந்து வரிசையாகப் போயின. அவற்றின் சொந்தக்காரர், தலையில் கம்பளித் தொப்பி போட்ட நடுவயது மனிதர், என்னிடம் வந்து பேசினார்.

"மத்தியானத்துக்கு மேல் பாருங்கள், பெஹன்ஜி. அப்போது என்னோடு நடந்து காட்டுங்கள்."

அந்தப் பள்ளத்தாக்கில் வெயில் ஏறியதும் கீழ்ச்சமவெளியிலிருந்து காற்று மேலே ஏறி வரும். தினமும் வரும். அதனால் மதியத்துக்கு மேல் இருபக்கமும் கயிறு கட்டிப் பாலத்தை மூடிவிடுவார்கள். நான் எங்கள் கரையில் ஒரு கழியின் நுனியில் காற்றளக்கும் கருவியைக் கட்டினேன். சின்னக் கிண்ணங்கள் சுழல்வதைக் கொண்டு வேகம் சொல்லும் கருவி. ஜூனியர் இன்ஜினியர் ஸ்டாப் வாட்ச்சோடு நின்றார். நான் வேலையில் மூழ்கிவிட்டேன். அப்பா எங்கே என்று நினைக்கவே இல்லை.

அவர் அக்கரைக்குப் போயிருந்தார். அங்கே ஒரு டீக்கடை. கழுதைக்காரரோடு உட்கார்ந்து தன் அலுவலக இந்தியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பக்கத்துக் காவல்காரர் கயிறு கட்டுவதற்குள் அப்பா திரும்பக் கிளம்பிவிட்டார். கையில் அம்மாவுக்கென்று வாங்கிய வாதுமைக்கொட்டைப் பை.

முதலில் பாலம் அலை போல நீளவாக்கில் ஏறி இறங்கியது. அப்பா ஒரு சிரிப்போடு தட்டுத் தடுமாறி வந்துகொண்டிருந்தார். கிண்ணங்கள் வேகம் கூடின. திடீரென்று, யாரோ சுவிட்ச் போட்டாற்போல, அசைவு மாறியது. பாலத்தின் எங்கள் பக்கத்துப் பாதி இடது ஓரம் தாழ்ந்து வலது ஓரம் உயர்ந்தது. அந்தப் பக்கத்துப் பாதி அதற்கு நேர்மாறாகச் சாய்ந்தது. பிறகு இரண்டும் மாறிக்கொண்டன. பஸ் பாஸ் அட்டையில் பார்த்தது இதுதான். ஒவ்வொரு முறையும் சாய்வு கூடியது. பலகைகள் முனகின. அப்பா எங்கள் பாதியில் இருந்தார். பையை விட்டுவிட்டு ஓரத் தகட்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பக்கடே ரஹோ! விடாதீர்கள்!" என்று ஜூனியர் இன்ஜினியர் கத்தினார்.

ஓரம்தான் அதிகமாக ஏறி இறங்கும் இடம். தகட்டோடு சேர்ந்து அப்பாவும் தூக்கி இறக்கப்பட்டார். செருப்பு ஒன்று ஆற்றில் போனது. நான் தளத்தைப் பார்த்தேன். இரண்டு ஓரமும் அவ்வளவு ஆடியபோதும், தளத்தின் நடுவில் பலகைகள் சேரும் கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில் இருந்தது. அந்தக் கோட்டை அச்சாக வைத்துத்தான் பாலம் முறுகிக்கொண்டிருந்தது.

"அப்பா! ஓரத்த விடுங்க!" என்று கத்தினேன். "நடுவுல வாங்க! பலகை சேர்ற கோட்டு மேலயே வாங்க!"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிடித்த பிடியை விடச் சொல்கிறாளே என்ற பார்வை. என் குரல் காற்றில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. நான் இரண்டு கையையும் சேர்த்து நடுவைக் காட்டினேன். மறுபடியும் கத்தினேன். நான் சொல்வது சரியா என்று எனக்கே முழு நிச்சயம் இல்லை.

அவர் விட்டார். தகட்டிலிருந்து கையை எடுத்து, தளம் மட்டமாக வந்த ஒரு கணத்தில் நடுவுக்கு ஓடி வந்தார். அங்கே நின்றதும் அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம் தெரிந்தது. இரண்டு பக்கமும் பலகைகள் ஏறி இறங்க, அவர் கால் வைத்த இடம் மட்டும் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. கைகளை விரித்துக்கொண்டு, ஒரு காலில் செருப்போடு, அந்தக் கோட்டின் மேலேயே அடியடியாக நடந்து வந்தார். கோபுரத்தடியில் ஜூனியர் இன்ஜினியர் அவரைத் தாங்கிப் பிடித்தார்.

அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"நடுவுல ஆடாதுன்னு உனக்கு எப்புடித் தெரியும், கண்ணு?"

"படிச்சிருக்கேன்ப்பா."

"படிச்சதா? பாத்ததில்லியா?"

"இன்னிக்குத்தான் பாத்தேன்."

அவர் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்கம்மாகிட்ட இதெல்லாம் சொல்ல வேண்டாம்" என்றார். பிறகு எழுந்து, அளவு எடுத்து முடித்துவிட்டேனா என்று கேட்டார். முடித்திருக்கவில்லை. மீதியை எடுத்தேன். காற்று தணிந்ததும் பாலம் தானாக அடங்கியது.

தில்லிக்குத் திரும்பியதும், நகரத்தின் தெற்கே இருந்த ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போனேன். அங்கே விண்ட் டனல் இருந்தது. நீளமான பெட்டி போன்ற குழாய், ஒரு முனையில் பெரிய விசிறி. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சர்தார்ஜி பேராசிரியர். விமானச் சிறகுகளுக்காக வைத்திருந்ததில் பாலம் சோதிக்க வேண்டும் என்றதும் அவருக்கு உற்சாகமாகிவிட்டது. பாலத்தின் ஒரு துண்டை மட்டும் சின்ன அளவில் பிளைவுட்டில் மாதிரியாகச் செய்தோம். ஓரத் தகடுகளையும் அப்படியே வைத்தோம். அதை ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டோம். நிஜப் பாலம் எவ்வளவு வேகத்தில் ஏறி இறங்குமோ, எவ்வளவு வேகத்தில் முறுகுமோ அதே விகிதம் மாதிரிக்கும் வரவேண்டும். அதைச் சரிசெய்வதிலேயே பல நாள் போனது.

மே மாதம். வெளியே லூ என்கிற அனல்காற்று வீசியது. மதியமானால் மின்வெட்டு. விசிறி நின்றுவிடும். அதனால் விடிந்ததும் போய்விடுவேன். பேராசிரியர் தன் ஸ்கூட்டரில் வந்து கதவைத் திறப்பார். "ஜல்தி, ஜல்தி, பிஜ்லி போவதற்குள்" என்பார்.

முதல் நாள் சோதனையில் விசிறியின் வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றினோம். மாதிரி சும்மா இருந்தது. இன்னும் கொஞ்சம். லேசான நடுக்கம். இன்னும் கொஞ்சம். அது முறுகத் தொடங்கியது, வளர்ந்தது, ஸ்பிரிங் கழன்று குழாயின் சுவரில் மோதி விழுந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகம் மலையில் நான் அளந்த வேகத்துக்கு மிக அருகில் இருந்தது. பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கோ பாறையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மேலதிகாரியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குழாயின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தார். பிறகு பக்கத்துச் சின்னக் கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே கை நீட்டி ஆடிக்கொண்டிருந்த மாதிரியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தார். அது நின்றது. விரலை எடுத்தார். மெல்லத் திரும்பவும் தொடங்கியது. மறுபடி விரல் வைத்தார், எடுத்தார். மறுபடி தொடங்கியது. பல தடவை செய்து பார்த்தார்.

"தள்ளல" என்றார் கடைசியில். "தள்ளுறதுன்னா ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கும். இது இழுக்குது, விடுது, இழுக்குது. கோட் புக்குல இது எங்க இருக்கு?"

"இல்ல சார்."

"ம்." கையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "என்ன செய்யலாங்கீங்க?"

பேராசிரியரும் நானும் ஏற்கெனவே சிலதைச் சோதித்திருந்தோம். ஓரத் தகடுகளை எடுத்துவிட்டால் காற்று தடையின்றிப் போகும். மரப்பலகைக்குப் பதில் இரும்புச் சட்டத் தளம் போட்டால், அதாவது இடைவெளி விட்ட சல்லடை போன்ற தளம், மேலும் கீழும் உள்ள காற்றழுத்தம் அதன் வழியே சமமாகிவிடும். இத்தோடு தளத்தைக் கீழிருந்து இருபுறமும் கரைக்கு இழுத்துக் கட்டும் கம்பிகள். இவை எல்லாம் சேர்ந்தால் அந்தப் பள்ளத்தாக்கில் வீசக்கூடிய எந்தக் காற்றுக்கும் பாலம் முறுகாது என்று மாதிரி காட்டியது. அவர் அன்றே கையெழுத்துப் போட்டார்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் வேலை நடந்தது. தகடுகள் போய்க் கம்பிவலை வந்தது. பலகைகள் போய் இரும்புச் சட்டம் வந்தது. ஜூனியர் இன்ஜினியர் தில்லிக்கு டிரங்க் கால் போட்டார். பிற்பகல் காற்றில் நடுப்பாலத்தில் நின்று டீ குடித்ததாகச் சொன்னார். அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அவரே மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. கோவேறு கழுதைகள் பாலத்தில் கால் வைக்க மாட்டேன் என்கின்றன. தளத்தின் இடைவெளி வழியாகக் கீழே ஆறு ஓடுவது தெரிகிறது. முதல் கழுதை குனிந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டது. அடித்துப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நகரவில்லை. மேல் கிராமங்களுக்கு மண்ணெண்ணெய் போகவில்லை.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"அதுக்காகத்தானம்மா நான் தகடு வச்சேன்! தண்ணி கண்ணுல படக்கூடாதுன்னுதான் பலகைய நெருக்கிப் போடச் சொன்னேன். மலைல வேலை பாத்த காலத்துல இதுகளோட பாடு பட்டிருக்கேன். எப்படி மறந்துபோச்சு!"

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பாலத்தின் வரைபடத்தில் எங்கும் அந்தக் காரணம் எழுதியிருக்கவில்லை. எனக்குக் காற்று மட்டும்தான் தெரிந்தது. கழுதையைப் பற்றி யோசித்தவர் காற்றைக் கிலோவாக நினைத்தவர். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

"அழாதீங்க. கழுதைக்கு எவ்வளவு அகலம் வேணும்? அதச் சொல்லுதேன், நீங்க காத்துக்கு எவ்வளவு விடணும்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் சுமையோடு நடக்கும் கோவேறு கழுதையின் கால் படும் அகலத்தைக் காகிதத்தில் வரைந்தார். அது தளத்தின் நடுப்பகுதி. அங்கே மட்டும் பலகை. இரு ஓரத்திலும் இரும்புச் சட்ட இடைவெளி. பக்கத்தில் கம்பிவலை. அதை எடுத்துக்கொண்டு மறுபடி டனலுக்கு ஓடினேன். நடுவை மூடினால் முன்பு கிடைத்த பலன் குறைந்துவிடும் என்று பேராசிரியர் தலையாட்டினார். குறையவும் செய்தது. பலகையின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். கீழே கட்டிய கம்பிகளை இன்னும் இறுக்கியதாகக் கணக்கில் கொண்டோம். கடைசியில் மேலதிகாரி சொன்ன அகலத்துக்கு விரற்கடை குறைவாக ஒரு அளவு நின்றது. மாதிரி முறுகவில்லை. அவரிடம் காட்டினேன்.

"போதும்" என்றார். "சுமைய ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஒடுக்கிக் கட்டச் சொல்லுவோம்."

பலகைகள் பதித்து முடிந்தபோது நானும் அப்பாவும் மறுபடி மலைக்குப் போனோம். இந்த முறை அம்மாவே வழிக்குச் சப்பாத்தி கட்டிக் கொடுத்தாள். அப்பா காலில் பட்டை வைத்துக் கட்டுகிற செருப்பு போட்டிருந்தார். காற்று ஏறும் நேரத்துக்காகக் காத்திருந்தோம். கிண்ணங்கள் சுழன்றன. பாலம் லேசாக ஏறி இறங்கியது, அவ்வளவுதான். கழுதைக்காரர் தன் வரிசையின் முதல் கழுதையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். அது பலகையின் விளிம்பில் நின்றது. காதுகளை முன்னும் பின்னும் அசைத்தது. ஓரத்து இடைவெளிப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு ஒரு முன்னங்காலைப் பலகையில் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தது. மற்றவை அதன் பின்னால் போயின. அப்பா கைதட்டிவிட்டார். கழுதைகள் மிரளும் என்று ஜூனியர் இன்ஜினியர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தபால் ஆபீஸிலிருந்து தில்லிக்குப் பேசினேன். லைன் கரகரவென்றது.

"தாண்டிச்சு சார்!"

"எது? என்ன தாண்டிச்சு?"

"கச்சர், சார்! கச்சர்!"

"கிச்சடியா? சாப்பாட்டப் பெறவு பாப்போம், கழுதை என்னாச்சும்மா?"

"அதத்தான் சார் சொல்றேன்! கழுதை எல்லாம் அக்கரை போயிருச்சு!"

"காத்துலயா?"

"நல்ல காத்துல, சார்."

"சரி" என்றார். "வந்து ரிப்போர்ட் எழுதிருங்க. கழுதையப் பத்தியும் எழுதுங்க. தனிப் பாரால."

எழுதினேன். தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ அந்தப் பாராவை, பொருத்தமற்றது என்று பென்சிலால் அடித்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் மேலதிகாரி ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்துவிட்டு, அப்படியே டைப் அடிக்கச் சொன்னார்.